லிஃப்டில் ஏறாத கொலுப்படி

உட்காருங்க தம்பி. குணசீலன் வர்றதுக்கு இன்னும் அரை மணியாவது ஆகும். அசோசியேஷன் செக்ரெட்டரின்னா சும்மாவா, எதுக்காவது அலைஞ்சுக்கிட்டே இருப்பாரு. நீங்க பார்க்க வந்த ரெண்டாவது மாடி வீட்டுச் சாவி அவர்கிட்டதான் இருக்கு. அதுவரைக்கும் இங்க பேஸ்மென்ட்டுலயே இருங்க, வெளியில வெயில் கொளுத்துது. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. நான் செஞ்சதுதான். ஆடுதா? அது ஸ்டூல் இல்ல தம்பி, தரை. சிமென்ட் பூசினவன் மட்டம் பார்க்காம பூசிட்டான். கொஞ்சம் தள்ளிப் போடுங்க. இன்னும் ஆடுதா? அங்கயும் தரை சரியில்ல. காலைக் கொஞ்சம் அகட்டி வெச்சு உட்கார்ந்தா ஆடாது. இங்க எல்லாரும் அப்படித்தான் உட்காருவாங்க.

இதுதான் நம்ம பட்டறை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் நிறுத்துற இடம் உண்டு, இது எங்க வீட்டு இடம். ரிட்டயர் ஆனதும் காரை வித்துட்டேன், இடம் சும்மா கிடந்துச்சு. இப்ப பாருங்க. அது வேலை மேஜை, இது மரத்தைக் கவ்விப் பிடிக்கிற வைஸ். சுவத்துல வரிசையா மாட்டியிருக்கிறது ரம்பம், உளி, இழைப்புளி, மூலைமட்டம். எது எங்க இருக்கணுமோ அங்க இருக்கும். நான் ஆடிட்டுல இருந்தவன், ஒரு பொருள் இடம் மாறினா எனக்குத் தூக்கம் வராது. அருணகிரி ஆடிட்டுக்கு வர்றார்னா திருச்சி ஜில்லாவுல பாதி ஆபீஸுக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்காது. ஃபைலைத் திறக்கவே வேண்டாம், எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆளோட முகத்தைப் பார்த்தே தப்பு எங்க இருக்குன்னு சொல்லிடுவேன். என்னை ஏமாத்தினவன் எவனும் கிடையாது. பெருமைக்காகச் சொல்லல, உள்ளதைச் சொல்றேன்.

ஆனா ரிட்டயர் ஆன புதுசுல கொஞ்சம் கஷ்டமாத்தான் போச்சு. பொண்ணு கல்யாணம் ஆகி வெளிநாடு போயிட்டா. வீட்டுல நானும் என் சம்சாரம் திலகவதியும்தான். முதல்ல கொஞ்ச நாள் சமையலறையில நின்னு அவளுக்கு உதவி பண்ணிப் பார்த்தேன். வெண்டைக்காய் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவுல இருக்கேம்மா, உளுந்து டப்பா ஏன் துவரம்பருப்புக்கு முன்னாடி வருதுன்னு கேட்டேன். நல்லதுக்குத்தான் கேட்டேன். கரண்டியைக் கீழ வெச்சுட்டு, நீங்க போய் ஹால்ல உட்காருங்கன்னுட்டா. போய் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கணும்னே தோணல தம்பி. ஃபேனையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன், நாள் கணக்கா. சாப்பிடக் கூப்பிட்டா சாப்பிடுவேன். யார் வந்தாலும் பேசுறதில்ல. டாக்டர்கிட்டகூடக் கூட்டிட்டுப் போனா. எனக்கு அதெல்லாம் சரியா ஞாபகமில்ல, அவதான் சொல்லுவா. இல்ல, என்கிட்ட சொல்ல மாட்டா, பொண்ணுகிட்ட போன்ல சொல்றதைக் கேட்டிருக்கேன்.

அப்ப ஒரு மழைக்காலம். பாத்ரூம் கதவு தண்ணியில ஊறி உப்பிப்போய் மூடவே மாட்டேங்குது. திலகம் கடைத்தெருவுக்குப் போனவ ஒரு இழைப்புளியோட வந்தா. ஆசாரியைக் கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரு, நீங்களே கொஞ்சம் சீவுங்களேன்னா. சீவினேன். சுருள் சுருளா மரம் வருது பாருங்க, அந்த வாசனை, அந்தச் சத்தம், நிறுத்தவே மனசு வரல. கொஞ்சம் கூடுதலாத்தான் சீவிட்டேன். இப்ப அந்தக் கதவுக்கு அடியில பூனை வந்து போகுது. ஆனா அன்னைக்கு ராத்திரி நான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்.

அப்படி ஆரம்பிச்சதுதான். பழைய வீடு இடிக்கிற இடத்துல தேக்குக் கட்டை மலிவாக் கிடைக்கும், வாங்கிட்டு வந்து ஒவ்வொண்ணா செஞ்சேன். ஸ்டூல், புத்தக ஸ்டாண்டு, செருப்பு ஸ்டாண்டு. செருப்பு ஸ்டாண்டுதான் நம்ம கைராசி. இந்த பில்டிங்ல பாதி வீட்டுக்குச் செஞ்சு குடுத்திருக்கேன், காசு வாங்காம. மாடியேறிப் போறப்ப பாருங்க, ஒருத்தர்கூட வீட்டுக்குள்ள வெச்சுக்கல. எல்லாரும் வெளியில வராந்தாவுலதான் வெச்சிருக்காங்க, போறவங்க வர்றவங்க பார்க்கட்டும்னு. சில பேர் மொட்டை மாடியிலகூட வெச்சிருக்காங்க. நீங்க குடி வாங்க, உங்களுக்கும் ஒண்ணு செஞ்சு தர்றேன்.

பிரச்சினை இந்தக் குணசீலன் புதுசா கார் வாங்கினதுல ஆரம்பிச்சுது. வெள்ளைக் கார். அதோ அந்தத் தூணுக்கு அந்தப் பக்கம்தான் அவர் இடம். என் மரத்தூள் பறந்து போய் அவர் கார்மேல உட்காருதாம். தேக்குத் தூள் தம்பி, நல்ல வாசனை, யாருக்குக் கிடைக்கும்? அவருக்குப் பிடிக்கல. ரம்பச் சத்தத்துல அவங்க அம்மாவுக்குத் தலைவலின்னாரு. கார் நிறுத்துற இடத்துல கார் தவிர வேற எதுவும் இருக்கக்கூடாதுன்னாரு. கடைசியில பொதுக்குழுவைக் கூட்டி, ஆயுத பூஜைக்குள்ள அருணகிரி சார் இடத்தைக் காலி பண்ணணும், யார் யார் ஆதரிக்கிறீங்க, கையைத் தூக்குங்கன்னுட்டாரு.

எனக்கு ஒரு கவலையும் இல்ல. செருப்பு ஸ்டாண்டு வாங்கினவங்களே போதும் எனக்கு, மெஜாரிட்டி நம்ம பக்கம்தான்னு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், அத்தனை கையும் மேல. செருப்பு ஸ்டாண்டு வாங்கினவங்கதான் முதல்ல தூக்கியிருக்காங்க. அதுகூடப் போகட்டும். என் சம்சாரம் இருக்காளே, கையைத் தூக்கல, சரி. ஆனா ஒரு வார்த்தை எனக்காகப் பேசினாளா? முறுக்கைக் கடிச்சுக்கிட்டு குணசீலனோட அம்மா பக்கத்துல உட்கார்ந்து, உங்க வீட்டுல கொலு வைக்கிற வழக்கம் உண்டா மாமின்னு கேட்டுக்கிட்டு இருக்கா. என் கழுத்துல கத்தி, இவளுக்குக் கொலு.

ரொம்ப வருத்தமாப் போச்சு. சொல்றதுக்கு என்ன, பயமாவும் இருந்துச்சு. இந்த இடம் போச்சுன்னா நான் எங்க போவேன்? மேல போய் அந்த ஃபேனுக்குக் கீழதான் உட்காரணும். அன்னைக்கு முழுக்க நான் அவகூடப் பேசவே இல்ல. அவ என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. மறுநாள் காலையில காபியைக் கையில குடுத்துட்டு சாவகாசமா கேக்கிறா, என்னங்க, காலி பண்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கொலுப்படி செஞ்சு தர்றீங்களா, மரத்துல, ஒன்பது படி வெச்சு.

எங்க வீட்டுல ஏற்கெனவே இரும்புல மடக்குற படி ஒண்ணு இருக்கு. அது இருக்கும்போது எதுக்குன்னேன். அது கிரீச்சுங்குது, பிடிக்கலன்னா. சரி, கடைசி வேலையா இருக்கட்டும், ஊரே பேசுற மாதிரி செஞ்சுட்டுப் போவோம்னு எனக்கும் ஒரு வைராக்கியம் வந்துடுச்சு.

மடக்குற மாதிரி, கழட்டிப் பூட்டுற மாதிரிதான் செய்யலாம்னு நான் சொன்னேன். தம்பி, இதை நல்லா கேட்டுக்குங்க. நான் சொன்னேன். அவதான் முடியாதுன்னுட்டா. ஆணி கூடாது, திருகு கூடாது, கழட்டுற வேலையே கூடாது, சாமி உட்கார்ற இடம் ஒரே உடம்பா இருக்கணும்னா. அப்படின்னா ஒரு கட்டையில துளை போட்டு, இன்னொரு கட்டையில நாக்கு எடுத்து, பசை தடவி அடிச்சு இறக்கணும். ஒரு தடவை இறுகிட்டா அந்த எமனே வந்தாலும் பிரிக்க முடியாது. பிரிக்கவே முடியாதான்னு திரும்பத் திரும்பக் கேட்டா. முடியாதுன்னேன். அப்ப சரின்னா.

அளவும் அவ குடுத்ததுதான். ஹாலை அளந்துட்டேன், லிஃப்டை அளந்துட்டேன், இந்த அகலம் இந்த உயரம், நீங்க செய்ங்கன்னா. எனக்கு லேசா ஒரு சந்தேகம், படி கொஞ்சம் பெருசா இருக்கே, நான் ஒரு தடவை டேப்பை வெச்சுப் பார்த்துடறேனேன்னேன். அவளுக்குக் கோபம் வந்துடுச்சு. முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான், என்மேல அவ்வளவுதான் நம்பிக்கையான்னா. அவ கணக்கு டீச்சர் தம்பி, சொல்ல மறந்துட்டேன். அவ கையில படிச்சு கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவங்க இன்னைக்கும் தெருவுல பார்த்தா நின்னு வணக்கம் சொல்றாங்க. அப்படிப்பட்டவ சொல்றா, நான் என்ன பண்ணட்டும்? பேசாம வேலையை ஆரம்பிச்சேன்.

என் வாழ்நாள்ல அப்படி ஒரு வேலை செஞ்சதில்ல. காலையில இறங்கினா சாப்பாட்டுக்குத்தான் மேல போவேன். சில நாள் அவளே டிபன் கேரியர்ல கொண்டு வந்துடுவா, கொண்டு வந்து அந்த மரக்கட்டைமேல உட்கார்ந்து நான் இழைக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருப்பா. நான் பாடுவேனாம் வேலை செய்யும்போது. எனக்குத் தெரியாது. ஸ்டூல் மாதிரி இல்ல தம்பி, படி ஆடவே ஆடாது. அவ்வளவு கனம், ஆடணும்னு நினைச்சாலும் ஆடாது.

மகாளய அமாவாசை. அன்னைக்குத்தான் படி போட்டு பொம்மை வைக்கணும். வாட்ச்மேன், எதிர்க்கடை ஆளுங்க ரெண்டு பேர், நானும் ஒரு கை, எல்லாருமா தூக்கிக்கிட்டு லிஃப்டுக்கு வந்தோம். நேரா வெச்சுப் பார்த்தோம், போகல. சாய்ச்சுப் பார்த்தோம், போகல. தலைகீழாத் திருப்பினோம், வாட்ச்மேன் நசுங்கப் பார்த்தான். மாடிப்படி வழியா தூக்குவோம்னு போனா முதல் திருப்பத்துலயே சிக்கிக்கிச்சு. முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. புதுசா அடிச்ச பெயின்ட் ஒரு முழத்துக்கு உரிஞ்சு வந்துடுச்சு. குணசீலன் மேல நின்னு தலையில கையை வெச்சுக்கிட்டுப் பார்க்கிறாரு. எப்படியோ பிடுங்கி மறுபடி இங்கயே கொண்டு வந்து போட்டோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. திலகம் நிதானமா வந்து நின்னா. அடடா, லிஃப்டு உள்ளுக்குள்ள எல்லாம் அளந்தேங்க, கதவை அளக்க மறந்துட்டேன்னா. எப்படிச் சொன்னா தெரியுமா, காய் வாங்கப் போனப்ப கொத்தமல்லி வாங்க மறந்துட்டேன்னு சொல்ற மாதிரி. கணக்கு டீச்சர் தம்பி. நினைச்சுப் பாருங்க. லிஃப்டுக்குள்ள போகணும்னா கதவு வழியாத்தானே போகணும்? வயசாயிட்டா யாரா இருந்தாலும் மூளை கொஞ்சம் மழுங்கத்தான் செய்யும்னு நினைச்சுக்கிட்டேன், வாய்விட்டுச் சொல்லல.

சரி, நடுவுல அறுத்து ரெண்டாக்கி மேல கொண்டு போயிடலாம்னு ரம்பத்தை எடுத்தேன். ஓடிவந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. நல்ல நாளும் அதுவுமா சாமி படியை அறுப்பீங்களா, இங்கயே இருக்கட்டும், இங்கயே வெச்சுடறேன்னா. நல்ல வேளையா பொம்மைப் பெட்டியெல்லாம் இங்கதான் இருந்துச்சு. தூசி தட்டணும்னு ரெண்டு நாள் முன்னாடியே கீழ இறக்கி வெச்சிருந்தா. தற்செயலா சீரியல் லைட்டும் வாடகைக்கு எடுத்து வெச்சிருந்தா. ஜமக்காளமும் இருந்துச்சு. அவ அதிர்ஷ்டம் அப்படி, தப்பு பண்ணினாலும் தப்பிச்சுக்குவா. மேல போய்க் குணசீலனோட அம்மாவைக் கையோட கூட்டிக்கிட்டு வந்து, மாமி, நீங்கதான் பெரியவங்க, உங்க கையால முதல் பொம்மையை எடுத்து வைங்கன்னா. அந்தம்மாவுக்கு வாயெல்லாம் பல். மரப்பாச்சி ரெண்டையும் எடுத்து மேல்படியில வெச்சாங்க. மறுநாள் கலசமும் வெச்சாச்சு. கலசம் வெச்சுட்டா விஜயதசமி வரைக்கும் படியை யாரும் அசைக்கக்கூடாது. செக்ரெட்டரியா இருந்தாலும் சரிதான்.

அப்புறம் என்ன, தினம் சாயங்காலம் மொத்த பில்டிங்கும் இங்கதான். பொம்பளைங்க உட்கார இடம் பத்தலன்னு குணசீலனோட வெள்ளைக் காரைத் தெருவுல கொண்டு போய் நிறுத்த வெச்சுட்டாங்க, அவங்க அம்மாவே. ஒரு நாள் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு நாள் பாசிப்பயறு. சின்னப் பொண்ணுங்க பாட்டு. நான் வர்றவங்களை எல்லாம் பக்கவாட்டுல கூட்டிட்டுப் போய், குனிஞ்சு பாருங்க, இங்க ஒரு ஆணி இல்ல, நாக்கும் துளையும் எப்படி உட்கார்ந்திருக்குன்னு பாருங்கன்னு காட்டுவேன். எல்லாரும் அசந்துட்டாங்க. சில பேர் பேச்சே வராம சுண்டலை வாங்கிக்கிட்டு நகர்ந்துடுவாங்க.

ஆயுத பூஜை வந்துச்சு. குணசீலன் எனக்குக் குடுத்த கெடு அன்னைக்கோட முடியுது. இந்த பில்டிங்ல ஒரு வழக்கம் உண்டு. தண்ணி மோட்டார், லிஃப்டு, ஜெனரேட்டர் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு அசோசியேஷன் சார்புல செக்ரெட்டரிதான் கற்பூரம் காட்டணும். இந்த வருஷம் கொலுவும் இங்கயே இருக்கு, அதுக்கு முன்னாடி வெச்சே காட்டிடலாமேன்னு திலகம் சொல்லியிருக்கா. அவங்க அம்மாவும் ஆமாம்னுட்டாங்க. குணசீலன் வேட்டி கட்டிக்கிட்டு வந்து நிக்கிறாரு. திலகம் என் ரம்பம், உளி, இழைப்புளி அத்தனையும் கழுவித் துடைச்சு வாழையிலை போட்டுப் படிக்குக் கீழ அடுக்கி வெச்சிருந்தா. சந்தனக் கிண்ணத்தை அவர்கிட்ட நீட்டி, நீங்களே வைங்க தம்பின்னா. மனுஷன் என்ன பண்ணுவாரு, ஊரே பார்த்துக்கிட்டு நிக்குது. ஒவ்வொண்ணா குனிஞ்சு சந்தனம், குங்குமம் வெச்சாரு. இழைப்புளிக்கு வைக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க.

கற்பூரத்தைத் தொட்டு ஒத்திக்கிட்டு அவங்க அம்மா மெதுவா கேட்டாங்க. ஏண்டா, இன்னைக்குப் பொட்டு வெச்ச இந்த ஆயுதத்தைத்தானே காலி பண்ணச் சொன்ன, நீயே வெச்சுட்டு நீயே தூக்கிப் போடுவியா?

அதுக்கு அப்புறம் காலி பண்றதைப் பத்தி யாரும் பேசல. அடுத்த வருஷமும் கொலு இங்கதான்னு அந்தம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. அதோ நிக்குதே, அந்தப் படியை எங்கயும் கொண்டு போக முடியாது, அது இங்க இருக்கிற வரைக்கும் கார் மட்டும்தான் நிக்கணும்னு யாரும் சொல்ல முடியாது. காருக்கு ஒரு உறை வாங்கிப் போட்டுக்கிட்டாரு குணசீலன். நான் சாயங்காலம் ரம்பம் போடுறதில்ல. அவ்வளவுதான், எல்லாம் சுமுகமா முடிஞ்சுது. நல்ல வேலைன்னா அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு தம்பி. அந்தப் படியைப் பார்த்ததும் அவங்களுக்கே தோணியிருக்கும், இப்படிப்பட்ட கைக்காரனைப் போய்க் காலி பண்ணச் சொன்னோமேன்னு.

எனக்கு ஒரே ஒரு குறைதான். திலகம். இவ்வளவு பெரிய தப்பைப் பண்ணிட்டோமேன்னு அவ மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்குமில்ல? வெளியில காட்டிக்க மாட்டா. என் சர்வீஸ்ல தப்பு பண்ணின எவனையும் நான் சும்மா விட்டதில்ல, பத்து ரூபா வித்தியாசம் வந்தாலும் எழுதிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். ஆனா கட்டினவகிட்ட அப்படியெல்லாம் இருக்க முடியுமா? பொம்மையெல்லாம் எடுத்துக் கட்டி வெச்ச அன்னைக்கு நானே போய்ச் சொன்னேன். திலகம், கதவை அளக்காம விட்டது தப்புதான், அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன், ஆனா நான் மனசுல வெச்சுக்கல, மன்னிச்சுட்டேன்னேன்.

அவ தோசை வார்த்துக்கிட்டு இருந்தா. அப்படியே என்னைப் பார்த்தா. நெசமாவான்னா. நெசமாத்தான்னேன். முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு, தோசை கருகுறதைக்கூடப் பார்க்காம உள்ளே போயிட்டா. உள்ளேயிருந்து பொண்ணுக்குப் போன் போடுறது கேக்குது. அப்பா என்னை மன்னிச்சுட்டாருடின்னா. அந்தப் பக்கம் பொண்ணு சிரிக்கிற சிரிப்பு எனக்கு அடுப்படி வரைக்கும் கேக்குது. இவளும் சிரிக்கிறா. சிரிச்சுக்கிட்டே இருந்தவ, இல்லடி, இனிமே அந்தப் பயம் இல்ல, கீழதான் இருப்பாரு, எங்கயும் போக மாட்டாருன்னு சொல்லும்போது குரல் உடைஞ்சு அழுதுட்டா.

நான் அடுப்பை அணைச்சுட்டு வந்துட்டேன். தப்பு பண்ணினவங்களுக்கு மன்னிப்புக் கிடைச்சா அப்படித்தான் தம்பி, சிரிப்பும் அழுகையும் சேர்ந்துதான் வரும். சர்வீஸ்ல நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.